அக்கரைக்காரன் நடை

பிராகாவுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுத் தம்பி கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினான். சார்லஸ் பாலம். 1357-இல் கட்டத் தொடங்கியது. 516 மீட்டர் நீளம், இரு பக்கமும் முப்பது சிலைகள். வண்டிக்கு இடமில்லை, நடப்பவர்களுக்கு மட்டும். "அண்ணே, அந்தப் பாலத்துல ஒரு தடவ நடந்தா போதும், ஊரே புரிஞ்சிடும்" என்றான். "நம்ம பாலத்துல நடந்திருக்கியா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான்.

பினாங்குத் தீவுக்குப் போகும் நம் பாலம் 13.5 கிலோமீட்டர். 1985-இல் திறந்தார்கள். பிறையில் ஏறினால் குளுகோரில்தான் இறங்க முடியும். மாரத்தான் ஓட்டம் நடக்கிற நாளைத் தவிர கால்நடையாக யாரையும் விடமாட்டார்கள். 2014-இல் வந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், அதுவும் வண்டிகளுக்குத்தான். எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் செபராங் என்றால் மலாயில் அக்கரை. 1970-களில் திட்டம் போட்டு எழுப்பிய நகர் எங்களுடையது. பேரங்காடி உண்டு, மருத்துவமனை உண்டு, கருமாரியம்மன் கோபுரம் உண்டு. பழைய தெரு மட்டும் கிடையாது. அதற்கு நாங்கள் கடல் தாண்ட வேண்டும்.

நான் ஃபெரியில்தான் போவேன். காரில் போனால் ஊர் சடாரென்று வந்துவிடுகிறது. பார்க்கிங் தேடும் எரிச்சலோடு ஒரு பழைய ஊருக்குள் நுழைவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டர்வொர்த் ஜெட்டியில் ஏறி நின்றால் ஜார்ஜ்டவுன் மெல்ல மெல்லப் பெரிதாகும். முதலில் கொம்தார் கோபுரம், பிறகு ஓட்டுக் கூரைகள், கடைசியில் மனிதர்கள். கார்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிய பழைய ஈரடுக்கு ஃபெரிகள் 2020-ஓடு ஓய்ந்தன. 2023-இல் வந்த புதியவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். பழையவற்றில் ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு, அதையும் பட்டர்வொர்த் பக்கம் மட்டும் வாங்குவார்கள், திரும்பி வரும்போது கிடையாது. பாலத்து டோலும் அப்படித்தான், தீவுக்குப் போகும் வழியில் மட்டும். அக்கரைக்காரன் எப்போதும் காசு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும் என்று என் அப்பா சொல்வார்.

இறங்குகிற இடம் வெல்ட் கீ. 1880-களில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் அது. அதற்கு முன் கரை என்பது ஒரு தெரு உள்ளே தள்ளி இருந்த பீச் தெருதான். இன்று அந்தத் தெருவில் வங்கிகள் இருக்கின்றன, பீச் இல்லை. வலப்பக்கம் திரும்பி நடந்தால் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆட்சி ஆண்டு நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் அறுபது அடி. சியா சென் எய்க் என்ற சீனச் செல்வர் கொடுத்த காசு. 1902-இல் வேலை முடிந்தபோது மகாராணி உயிரோடு இல்லை. போர்க்காலக் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்துபோன அந்தக் கூண்டைத் தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் நேராகத் தெரியும்.

அடுத்தது கோட்டையும் எஸ்பிளனேடு திடலும். 1786-இல் வந்திறங்கிய பிரான்சிஸ் லைட், காட்டை வெட்ட ஆட்கள் சுணங்கியதால் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை. பொறுக்கப் போனவர்கள் வெட்டிக்கொண்டே போனார்களாம். நம்பினாலும் நம்பாவிட்டாலும் கதை நன்றாக இருக்கிறது. லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்ற நான்குக்கு நடுவே அவர் போட்ட கட்டம்தான் இன்னும் ஊரின் நெஞ்சுக்கூடு. கோட்டையில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. 1936-இல் அதைச் செய்தபோது அவரைப் பார்த்து வரைந்த படம் ஒன்றும் கிடைக்கவில்லை. அடிலெய்ட் நகரை அமைத்த அவர் மகன் வில்லியமின் சாயலை வைத்துச் சமாளித்தார்கள். அப்பாவின் பீடத்தில் மகனின் முகம்.

அந்தச் சிலைக்கு முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு மகன் ஞாபகம் வரும். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில், கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் இன்னும் எழுபதுக்கு மேற்பட்டவர்களையும் தூத்துக்குடியில் கப்பலேற்றி அனுப்பிய இடம் இந்தத் தீவு. அப்போது அவருக்கு மீசைகூட அரும்பியிருக்காது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி தன் நினைவுக்குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் சின்ன மருதுவிடமே வேல் எறியவும் வளரி வீசவும் கற்றவர் அவர். பல ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் உடல் ஒடுங்கிய ஒரு கைதி அவர் முன்னால் வந்து நின்றபோது யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. துரைச்சாமிக்கு அப்போதும் கிழவராகும் வயதில்லை.

துரைச்சாமி எந்தத் தெருவில் நடந்தார், எந்தக் கல்லைச் சுமந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தெருக்களைப் போட்டதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த கைதிகளின் உழைப்பு உண்டு. 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதும் கைதிகளின் கைதான். அதன் வெள்ளைத் தூண்களைத் தொட்டுவிட்டுத்தான் நான் அப்பால் போவேன். நான் நடந்த எந்தத் தெருவிலும் துரைச்சாமி பெயரில் ஒரு பலகை என் கண்ணில் பட்டதில்லை. பிட்டுக்கு இருந்தது, லைட்டுக்கு இருக்கிறது.

பிட் தெருவின் தேவாலயத்தைத் தாண்டிய பகுதிக்கு இப்போது கப்பித்தான் கிளிங் மசூதிச் சாலை என்று பெயர். காதர் மொகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் எழுப்பிய மசூதி அதன் அந்தக் கோடியில் இருக்கிறது. நடுவில் குவான் யின் கோயிலின் ஊதுபத்திப் புகை. அதற்கும் அந்தப் பக்கம் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இந்தச் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குயின் தெருவைப் பார்த்து நிற்கிறது. அம்மனைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

வெயில் ஏறினால் ஐந்தடிக்குள் நுழைந்துகொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு கடையும் முன்பக்கம் ஐந்தடி விட்டுக் கட்டிய கூரைபோட்ட நடைபாதை அது. பாதி இடத்தில் மோட்டார் சைக்கிளும் பூச்சட்டியும் வழியை மறிக்கும், சாலையில் இறங்கி ஏற வேண்டும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் வந்தவர்கள் ஆர்மீனியன் தெருவின் சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள். படம் எடுத்ததும் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வரிசையைப் பார்த்தாலே கால் வலிக்கும்.

மார்க்கெட் தெருவை நம்மவர்கள் கடைத்தெரு என்றே சொல்வார்கள். மசாலாக் கடையின் மல்லி வாசமும், பாத்திரக் கடைக்கு வெளியே தொங்கும் எவர்சில்வர் தூக்குகளும், இரண்டு கடைகளிலிருந்து ஒரே சமயம் ஒலிக்கும் இரண்டு பாட்டுகளும் அதன் அடையாளம். முனையைத் திரும்பினால் பினாங்கு தெரு. தைப்பூசத்தில் நகரத்தார் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுவது அந்தத் தெருவின் கோயில் வீட்டிலிருந்துதான். அங்கே பூ வாங்கும்போது பூக்கார அக்கா வழக்கம்போலக் கேட்டார்: "தம்பி, பாலமா ஃபெரியா?"

"ஃபெரிதான்க்கா."

"அப்ப தண்ணி தெளிச்சுக் கட்டுறேன். கடக்காத்துல வாடிப்புடும்."

அவர் முன்பு இங்கேயே ஒரு மாடியறையில் குடியிருந்தவர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் நீக்கி, 2000-த்தோடு பழைய வாடகை போனதும் பல குடும்பங்களைப்போல அவர்களும் கிளம்பினார்கள். இப்போது வீடு பட்டர்வொர்த்தில். காலையில் ஃபெரியில் வந்து, பூ விற்று, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். குடியிருந்த வீடு இன்று தங்கும் விடுதி. "நம்ம ரூம்புக்கு ஒரு ராத்திரிக்கு எவ்ளோ வாங்குறாங்கன்னு கேட்டேன் தம்பி. அப்ப ஆறு மாச வாடகை அது" என்று சொல்லி, வாழை இலையை மடித்து நாரால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

சாயங்கால ஃபெரியில் தெற்கே பார்த்து நின்றேன். தூரத்தில் பாலத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன, அதன்மேல் வண்டிகள் நகர்வது தெரியவில்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைப்பை நனைந்திருந்தது. அக்கா இரண்டு வரிசை தள்ளிக் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தார். ஜெட்டி வந்ததும் எழுப்பினேன்.