அரிப்பு அடங்கும், படர்தாமரை அடங்காது

“பிள்ளைக்கு இடுப்புல வட்டமா வந்திருக்கு, டியூப் ஏதாவது குடுங்க.” மெடிக்கல் ஷாப்பில் இது போதும், சீட்டு கேட்க மாட்டார்கள். பல நேரம் கைக்கு வருவது கலவை க்ரீம். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு.

வில்லங்கமே இந்த மூன்றாவதில்தான். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை பாட்டுக்குப் பரவும். பூசுவதை நிறுத்தினால் அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி அதே டியூப். இப்படியே வாரங்கள் ஓடினால் செதில் விளிம்போடு இருந்த வட்டம் உருமாறி, மருத்துவரையே குழப்பும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து விழும் கோடுகள் முழுதாக மறைவதில்லை. கைக்குழந்தைக்கு டயப்பர் மறைக்கும் இடத்தில் பூசினால் மருந்து ரத்தத்திலேயே கலக்கும். முகம் உப்பி, வளர்ச்சி தடைபட்ட குழந்தைகளும் உண்டு.

14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு விதி போட்டது. விதி காகிதத்தில் இருக்கிறது, டியூப் கடையில் கிடைக்கிறது. இதற்கிடையே, இங்கே பரவிய படர்தாமரைக் கிருமி ஒன்றுக்கு 2020-ல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று இந்தியாவையே ஒட்டிப் பெயர் சூட்டிவிட்டார்கள். டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்குப் பல நேரம் மசியாத கிருமி இது. கலவை க்ரீம்களைக் கண்டபடி பூசியதற்கும் இதில் பங்குண்டு என்கிறார்கள் தோல் மருத்துவர்கள்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் காத்திருக்க முடியுமா என்ற கேள்வி நியாயம்தான். ஆனால், அதே கடையில் ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்தான குளோட்ரிமசோலும் இருக்கிறதே! வட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை வரை பூச வேண்டும். மறைந்த பிறகும் ஓரிரு வாரம் தொடர வேண்டும். ஈரம் காயாத அரைஞாண் கயிற்றுக்கு அடியில்தான் பல குழந்தைகளுக்குப் படர்கிறது. குணமாகும்வரை அதைக் கழற்றிவையுங்கள். ஒரே துண்டில் எல்லோரும் துடைப்பது வேண்டாம். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம். தலையில் முடி உடைந்து திட்டாகக் கொட்டினால் க்ரீம் மட்டும் பலிக்காது. மருத்துவர் சொல்கிறபடி வாரக்கணக்கில் உள்மருந்து தேவை.

காசு கொடுக்கும் முன் டியூபைத் திருப்பிப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.