மண்ணால் எழுந்த அரண்



கோட்டை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கருங்கல் மதிலே. திண்டுக்கல்லை அடுத்த எரியோட்டில் வாழும் எனக்கும் முதலில் நினைவுக்கு வருவது, நாயக்கர் காலத்தில் எழுந்த திண்டுக்கல் மலைக்கோட்டைதான். ஆனால், இன்று நான் பேச எண்ணுவது மண் கோட்டைகளைப் பற்றி.

பதினாறாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது மரபு. திண்டுக்கல் சீமையைச் சேர்ந்த பாளையங்களுள் எரியோடும் ஒன்று. பாளையக்காரர் தம் எல்லைக்குக் காவல் புரிந்தனர், படை வைத்திருந்தனர். படை இருந்தால் அரண் வேண்டுமன்றோ? மலை இல்லாத சமவெளியில், கல் சுமந்து வரப் பொருளும் காலமும் இல்லாதபோது, காலடியில் கிடந்த மண்ணே கைகொடுத்தது.

முறை மிக எளியது. நிலத்தைச் சுற்றி அகழ்ந்தால் பள்ளம் அகழியாகிறது. அகழ்ந்த மண்ணைக் குழைத்து அடுக்கினால் அதுவே மதிலாகிறது. ஒரே உழைப்பில் இரண்டு காவல்கள்! வெளியே முள்வேலி மூன்றாவது காவல். வள்ளுவர் அரணுக்கு உரியவையாக நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகிய நான்கைக் கூறினார். மலையும் காடும் வாய்க்காதவர் மதிலையும் முள்வேலியையும் தாமே ஆக்கிக்கொண்டனர் எனலாம்.

இவ்வகைக் கோட்டைகளுள் புகழ்பெற்றது பாஞ்சாலங்குறிச்சி. அதன் நீளம் ஏறத்தாழ 500 அடி, அகலம் 300 அடி, மதிலின் உயரம் 12 அடி. நம் ஊர்ப் பள்ளி மைதானம் ஒன்றில் அடங்கிவிடக்கூடிய இந்தச் சிறு கோட்டையின் முன் 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் நடத்திய தாக்குதல் தோற்றது. பின்னர்க் கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது.

ஆனால், 1801 பிப்ரவரியில் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை அதே இடத்தில் சில நாட்களுக்குள் கோட்டையை மீண்டும் எழுப்பினார். கற்கோட்டையாயின் இது இயலுமா? மண்ணும் நீரும் மக்களின் கைகளும் அங்கேயே இருந்தன. மற்றொரு சிறப்பும் உண்டு. பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் பிளந்து சிதறும். தடித்த மண்மதிலோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். மார்ச்சு 31ஆம் நாள் கும்பினிப் படை மீண்டும் பின்வாங்கியது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பின்னரே, மே 24ஆம் நாள் கோட்டை விழுந்தது. பின்பு அது தரைமட்டமாக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பாளையக்காரர் எவரும் கோட்டையும் படைக்கலமும் வைத்திருத்தல் கூடாதென ஆணை பிறந்தது. கல்லை இடித்தால் கல் கிடக்கும். மண்ணை இடித்தால் மண் மண்ணோடு கலந்துவிடும். இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நாம் காணும் கோட்டை 1974இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னமே.

இங்கிலாந்திலும் இத்தகைய வரலாறு உண்டு. 1066இல் அந்நாட்டை வென்ற நார்மானியர் மண்ணைக் குன்றாகக் குவித்து, அதன்மேல் மரக்கோட்டை கட்டினர். பாயோ நகருக்குரிய நெடிய தையற்சித்திரத்தில், மண்வெட்டி ஏந்திய ஆட்கள் அவ்வாறு குன்று எழுப்பும் காட்சியைக் காணலாம். மரம் மக்கிவிட்டது, மண்மேடுகள் பல இன்றும் நிற்கின்றன. அவற்றை அளந்து, வரைபடம் எழுதி, அங்குள்ளோர் காத்துவருகின்றனர்.

இங்கே என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, பள்ளியை அடுத்து நீண்ட மேடொன்று கிடந்தது. விளையாட்டுத் திடலுக்காக மாணவர்களைக் கொண்டு நானே அதை வெட்டிச் சமன் செய்தேன். அடியில் தடித்த பானையோடுகள் வந்தன; பள்ளத்தில் கொட்டிவிட்டோம். முதியவர் ஒருவர், “அது மதில்மேடு, ஐயா!” என்றார். அப்போது வேலை முடிந்துவிட்டது. அது கோட்டையா, வெறும் குப்பைமேடா என்று இனி எவராலும் சொல்ல இயலாது. வரலாற்று ஆசிரியனே வரலாற்றின் ஓர் ஏட்டைப் படியாமல் கிழித்தெறிந்தான்.

ஆதலால் மாணவர்களே, உங்கள் ஊரில் ‘கோட்டைமேடு’, ‘கோட்டைக்காடு’ என்ற பெயர் வழங்கும் இடம் இருந்தால் சென்று பாருங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் தாழ்ந்த மேடும் நிழல் காட்டும். மழைக்குப் பின் நீர் வளைவாகத் தேங்கினால், அது பழைய அகழியாக இருக்கக்கூடும். கோடையிலும் அங்கே புல் சற்றுப் பசுமையாக நிற்கும். தோண்டாதீர்கள். கயிறு பிடித்து அளந்து எழுதுங்கள்; பெரியோரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

வண்டியில் ஏற்றிய மண்ணை மீண்டும் கொண்டுவந்து கொட்டலாம். அது கிடந்த வரிசையைக் கொண்டுவர முடியாது. நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருப்பீர்களாக!