ஒரே விலங்குக்கு எத்தனை பெயர்?

பன்றி அளவு உடம்பு, ஆமையின் அலகு போன்ற வாய், அதன் இரு பக்கமும் கீழ்நோக்கி நீளும் இரண்டு கோரைப்பற்கள். தென்னாப்பிரிக்காவின் கரூ என்னும் வறண்ட நிலத்தில், சில பாறை அடுக்குகளில் வேறெந்த விலங்கையும்விட இதன் எலும்புகளே அதிகம். பெயர் லிஸ்ட்ரோசாரஸ், கிரேக்கத்தில் ‘மண்வெட்டிப் பல்லி’. பெயரில்தான் பல்லி, உறவு முறையில் இது நம் பாலூட்டிகளின் பங்காளி. கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் துளையே அதற்குச் சாட்சி.

எலும்பைக் கண்டெடுப்பது பாதி வேலைகூட இல்லை. கல்லுக்குள் இறுகிய மண்டையோட்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, காற்றழுத்தத்தில் அதிரும் ஊசியால் கல்லைப் பொடிப்பொடியாக உதிர்ப்பார்கள். கை சற்றுத் தவறினாலும் எலும்பில் கீறல் விழும். ஒரு தலைக்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

தலைவலி அதற்குப் பிறகுதான். 25 கோடி ஆண்டுகள் பாறையின் பாரத்தில் கிடந்த மண்டையோடு மேலிருந்து நசுங்கினால் முகம் அகன்று தெரியும். பக்கவாட்டில் நசுங்கினால் ஒடுங்கித் தெரியும். போதாததற்கு, குட்டியின் முகவெட்டு ஒரு மாதிரி, வளர்ந்ததன் முகவெட்டு வேறு மாதிரி. இவற்றையெல்லாம் தனித்தனி இனம் என்று நம்பிப் பெயர் சூட்டியதில், ஒரு காலத்தில் லிஸ்ட்ரோசாரஸில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் சேர்ந்துவிட்டன. கரூ விலங்குகளுக்கு நூற்றுக்கணக்கில் பெயர் வைத்த ராபர்ட் புரூம் தொழிலால் மருத்துவர்; பெயர் வைப்பதில் அவருக்குக் கை தாராளம்.

வைத்த பெயரை லேசில் அழிக்க முடியாது. ஒவ்வொரு இனப் பெயருக்கும் ஆதாரமான மூல மாதிரி எங்காவது ஓர் அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும். அதை எடுத்து, மூக்கெலும்பின் சரிவையும் நெற்றி மேட்டையும் மற்ற மண்டையோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தால், முதலில் வைத்த பெயரே நிற்கும். இப்படிக் கழித்துக் கழித்து, தென்னாப்பிரிக்காவில் இன்று மிஞ்சியவை நான்கு இனங்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிரினங்களில் பெரும்பகுதி அழிந்தபோது, தாக்குப்பிடித்த சிலவற்றில் லிஸ்ட்ரோசாரஸும் ஒன்று. பெயர்களை எண்ணுவதில் பிசகினால், அழிந்தவை எத்தனை, பிழைத்தவை எத்தனை என்ற கணக்கும் பிசகிவிடும்.

1969-இல் அண்டார்க்டிகாவிலும் இதன் எலும்புகள் கிடைத்தன. கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்து விலங்கு அல்லவா! நம் நாட்டில் பார்க்க வேண்டுமானால், தாமோதர் பள்ளத்தாக்கின் பாஞ்செட் பாறைகளில் இருக்கிறது.