சாய்ந்தால் திரும்பும் பலகை

ஸ்னோபோர்டில் புதிதாக ஏறுபவர் பலகையைத் திருப்பப் பார்க்கிறார். பின்காலால் அதன் வாலைத் தள்ளி, பனியைத் தேய்த்துக்கொண்டே திசை மாற்றுகிறார். அவர் போன வழியில் அகலமான தடம் கிடக்கும். தேர்ந்த ஒருவர் அதே சரிவில் வளைந்து இறங்கினால் எஞ்சுவது ஒரு மெல்லிய கோடுதான். பலகை பக்கவாட்டில் கொஞ்சமும் வழுக்காமல், தன் எஃகு ஓரத்தின் மேலேயே ஓடியிருக்கிறது. இதைத்தான் கார்விங் என்கிறார்கள். இதற்கு உடல் வலு அவ்வளவாகத் தேவையில்லை. திருப்பம் ஏற்கெனவே பலகையின் வடிவத்திலேயே இருக்கிறது.

1965-இல் அமெரிக்காவின் மஸ்கீகன் நகரில் ஷெர்மன் பாப்பன் இரண்டு ஸ்கீ கட்டைகளை இணைத்துத் தன் மகள்களுக்கு ஒரு சறுக்குப்பலகை செய்தார். ஸ்னோபோர்டின் முன்னோடி அது. எஃகு ஓரமும் காலைப் பிணைக்கும் பைண்டிங்கும் பின்னால் வந்தவை. இன்றைய பலகையின் பக்கங்கள் நடுவில் ஒடுங்கி, இரு முனைகளிலும் அகன்றிருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. சாதாரணப் பலகைகளில் அந்த வட்டத்தின் ஆரம் 7 அல்லது 8 மீட்டர். கார்விங்குக்கென்றே செய்தவற்றில் 10 மீட்டரும் அதற்கு மேலும்.

பலகையை ஓரமாகச் சாய்த்தால் முதலில் இரு முனைகளே பனியைத் தொடும். நம் எடை நடுப்பகுதியை அழுத்த, பலகை வில்லாக வளைந்து ஓரம் முழுதும் பனியில் பதியும். பிறகு அந்த வளைவின் வழியே அது தானாக ஓடும். சாய்வு கூடக்கூடத் திருப்பம் இறுகும்: 10 மீட்டர் ஆரமுள்ள பலகையை 45 டிகிரி சாய்த்தால் சுமார் 7 மீட்டர் வட்டம், 60 டிகிரி சாய்த்தால் 5 மீட்டர்.

எவ்வளவு சாயலாம் என்பதை வேகம் முடிவுசெய்கிறது. வளைவில் போகும் மோட்டார்சைக்கிளைப் போல, வெளியே தள்ளும் விசைக்கும் எடைக்கும் நடுவே உடல் நிற்க வேண்டும். உடலும் பலகையும் ஒரே அளவு சாய்வதாக வைத்துக்கொண்டால், 10 மீட்டர் பலகையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குச் சாய்வு சுமார் 30 டிகிரி. ஏறத்தாழ 36 கிலோமீட்டரில் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஓரம் பிடியை விட்டுவிடும். 8 மீட்டர் பலகைக்கு அந்த எல்லை 32 கிலோமீட்டர்தான். மெய்யான பனியில் இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் ஓட்டுபவரின் எடை இக்கணக்கில் எங்கும் வருவதில்லை என்பது வியப்பு. ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் ஒரே எல்லை. அதை வகுப்பது பலகையின் பக்க வளைவு.

சாய்வுக்கு இன்னோர் எல்லை, காலில் அணியும் பூட். 1998-இல் நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முதலாக இடம்பெற்றது. அதன் ஜயண்ட் ஸ்லாலம் போன்ற பந்தயங்களுக்குரியது கெட்டியான பிளாஸ்டிக் பூட். பாதங்கள் ஏறக்குறைய முன்னோக்கி நிற்பதால் குறுகிய பலகையே போதும். சாஃப்ட் பூட்டில் பாதங்கள் குறுக்கே நிற்கின்றன. பூட்டின் வெளிநீளம் 30 சென்டிமீட்டர், பலகையின் இடை 25 என்றால் இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் துருத்தும். பூட்டின் அடி பனியிலிருந்து அதே உயரத்தில் இருந்தால், 45 டிகிரி சாய்வில் பூட் பனியில் இடிக்கும், ஓரம் தூக்கப்படும், ஆள் விழுவார். இங்கே பயிற்சி உதவாது, அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். அகலமான பலகை ஒரு தீர்வு. பைண்டிங்கைத் திருப்புவது இன்னொன்று: 30 டிகிரி முன்னோக்கித் திருப்பினால் பூட்டின் குறுக்கு நீளம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டராகக் குறையும். முன்காலுக்கு 30, பின்காலுக்கு 15 என்பது தொடங்கிப் பார்க்கத் தக்க அமைப்பு. இருபுறமும் துருத்தல் சமமாக இருக்கட்டும். பைண்டிங்கின் முதுகுத் தகடு குதிகால் பக்க ஓரத்துக்கு இணையாகத் திரும்பி, சற்று முன்சாய்ந்திருந்தால் காலின் அழுத்தம் நேரே ஓரத்துக்குப் போகும்.

கற்கத் தொடங்க நன்றாகச் சமன்செய்த மென்சரிவு வேண்டும். ஒரே ஓரத்தில் சாய்ந்து சரிவைக் குறுக்கே கடந்து, நின்று, தடத்தைத் திரும்பிப் பாருங்கள். கோடு மெல்லியதாக வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். விரல் பக்கம் சாயும்போது கணுக்காலையும் முழங்காலையும் மடக்குங்கள். குதிகால் பக்கம் சாயும்போது இடுப்பை மட்டும் மடக்கிக் குனியாதீர்கள், முழங்கால் மடங்கி மார்பு நிமிர்ந்திருக்கட்டும். திருப்பங்களைக் கோக்கும்போது, பலகை நேரே கீழ்நோக்கும் முன்பே புதிய ஓரத்தில் ஏறிவிட வேண்டும். தாமதித்தால் வேகம் கூடி, ஓரம் திடீரென அதிர்ந்து வழுக்கும்.

கார்விங் செய்பவர் சரிவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறார். சில நேரம் மேல்நோக்கியும் வளைகிறார். பின்னால் வருபவரால் அதை ஊகிக்க முடியாது. ஆகவே ஹெல்மெட் அணியுங்கள். புறப்படும் முன்பும் மேல்நோக்கி வளையும் முன்பும் மேலேயும் கீழேயும் பாருங்கள்.