உலைக்கு முன் ஒரு பிடி

சோறு பொங்க அரிசியை அளந்ததும், அதிலிருந்து ஒரு கை அள்ளிக் கோயிலுக்கென்று தனியே எடுத்து வைப்பதுதான் பிடி அரிசிக் காணிக்கை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கிறிஸ்தவக் குடும்பங்களில் பல தலைமுறைகளாக இருந்துவரும் பழக்கம் இது. கன்வென்ஷன் பந்தலிலும் உபவாசக் கூட்டத்திலும் பொங்கி வழிகிற பக்தியைப் பற்றிப் பேச ஆள் உண்டு. அடுப்படியில் யாரும் பார்க்காமல் நடக்கிற பக்தியைப் பற்றிய பேச்சு குறைவு. விசுவாசம் அன்றாட வாழ்க்கைக்குள் எப்படி இறங்குகிறது, எது அதை அங்கே நிலைக்க வைக்கிறது என்பதை அறிய இந்த ஒரு பிடியைப் பின்தொடர்ந்து போனாலே போதும்.

செய்முறை எளிது. அரிசியை அளந்து சுளகில் கொட்டுகிறார்கள். களைவதற்கு முன்பே ஒரு கை அள்ளி, மூலையில் இருக்கும் பானையிலோ ஓலைப்பெட்டியிலோ போடுகிறார்கள். உதட்டசைவில் ஒரு சிறு ஜெபம். அதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். கையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு என்று கேட்பார் இல்லை. ஆனால் முறை மாறக் கூடாது. குடும்பத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிஞ்சியதைக் கொடுப்பது இதில் சேராது. காணிக்கை முதலில் போக வேண்டும். அதன் பிறகுதான் வீட்டார் பங்கு.

சேர்ந்த அரிசியை ஞாயிறன்று பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவது ஒரு வழக்கம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிப்போவது இன்னொன்று. ஒரு பிடி என்பது ஏறக்குறைய 40 முதல் 50 கிராம். இரண்டு வேளை உலை வைக்கும் வீட்டில் மாதத்துக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ சேரும். நூறு வீடுள்ள சபையில் அது கால் டன்னைத் தாண்டும். எந்த வீடும் பட்டினி கிடக்கவில்லை. தட்டில் ஒரு கவளம் குறைந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் உபதேசியார் சம்பளத்துக்கும், விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும், ஆதரவற்ற விதவைகளுக்கும், தொலைதூர ஊழியத்துக்கும் இதிலிருந்து வழி பிறந்தது.

வேதாகம அடிப்படை

இந்தப் பழக்கத்துக்கு வேதாகமத்திலிருந்து நான்கு பகுதிகளைப் போதகர்கள் அடிக்கடி காட்டுவதுண்டு. முதலாவது, 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்துச் சாறிபாத் விதவை. பஞ்ச காலத்தில் கடைசியாக மிஞ்சிய மாவில் தனக்கும் மகனுக்கும் முன்பாக எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்தவள். இரண்டாவது, உபாகமம் 26இல் வரும் முதற்பலன் கூடை. மூன்றாவது, மாற்கு 12இல் இரண்டு காசு போட்ட ஏழை விதவை. நான்காவது, 1 கொரிந்தியர் 16இல் பவுல் சொல்லும் ஏற்பாடு: தான் வந்து தண்டுகிற வரை காத்திராமல், வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரும்படிக்கு ஏற்பச் சேர்த்து வைக்க வேண்டும்.

இந்த நான்கில் இரண்டு இடங்களில் கொடுப்பவர் விதவை. நான்காவது இடத்தில் காணிக்கை சேர்வது கூட்டத்தில் அல்ல, வீட்டில். திடீரென்று பொங்கும் உணர்ச்சியை நம்பிப் பவுல் காணிக்கையை விட்டுவைக்கவில்லை. அதற்கு ஒரு நாளும் ஒரு முறையும் வகுத்தார். வாஞ்சை என்பது பெரிய தருணங்களில் மட்டும் எழும் வேகம் என்ற எண்ணத்தை இந்தப் பகுதி அப்படியே திருப்பிப் போடுகிறது. நாள்தோறும் தவறாமல் செய்வதே வாஞ்சைக்கு அடையாளம் என்பது பிடி அரிசி வைத்த தலைமுறையின் புரிதல்.

ஏழைச் சபையின் சொந்தக் காசு

திருநெல்வேலிச் சபைகளின் தொடக்கம் வசதியான இடத்தில் இல்லை. விசுவாசத்துக்காக அடிபட்டு வீடிழந்தவர்களுக்குப் புகலிடமாக 1799இல் முதலூர் உருவானது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் இத்தகைய ஊர்கள் பெருகின. 1827இல் தோனாவூருக்கான நிலம் பிரஷ்ய நாட்டுப் பிரபு தோனா அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்டது. ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு பிரபு கிடைக்கமாட்டார். துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்க, உள்ளூர் விசுவாசிகளின் நன்கொடையைக் கொண்டு 1830இல் தர்ம சங்கம் தொடங்கப்பட்டது. பனையேறியும் கூலிக்காரரும் நிறைந்த சபையில் ரொக்கம் அரிது. இருந்தது தானியமும் கருப்பட்டியும்தான். காணிக்கையும் அந்த உருவத்திலேயே வந்தது.

இந்த மண்ணிலிருந்து போனவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியாவிலிருந்தே வர வேண்டும் என்பது அதன் கொள்கை. அந்தச் சங்கம் தெரிந்தெடுத்த பணித்தளம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல். அசரியா தாமே அங்கு ஊழியத்துக்குப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்று, 1945இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

தோர்ணக்கல் சபையார் பெரும்பாலும் நிலமற்ற விவசாயக் கூலிகள், தீண்டாமைக்கு ஆளானவர்கள். வாங்குவதற்கு மட்டுமே உரியவர்கள் என்று அவர்களை நினைத்தவர் பலர். அசரியா அதற்கு இணங்கவில்லை. சமைக்குமுன் ஒரு பிடி தானியத்தை எடுத்து வைக்கும் பழக்கத்தை அங்கே ஊக்குவித்தார். அறுப்புப் பண்டிகையில் விளைச்சலைப் படைக்கச் செய்தார். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் சுவிசேஷம் சொல்லும் பொறுப்பையும் தன் தலைமேல் கைவைத்து ஏற்க வேண்டும் என்று வைத்தார். அவர் பார்வையில் கொடுப்பது ஏழையின் சுமை அல்ல, ஏழையின் மரியாதை. காலமெல்லாம் பிறர் முன் கையேந்தி நின்றவனுக்கு, நானும் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு பிடி தானியம் இடம் தந்தது.

இதே பழக்கம் வடகிழக்கில் மிசோரமிலும் உண்டு. பூஃபாய் தாம் என்ற பெயரில் 1910 முதல் பெண்கள் அதை நடத்திவருகிறார்கள். வேளைதோறும் எடுத்த அரிசியை வீடு வீடாகத் திரட்டி விற்று, அந்தப் பணத்தைச் சபைப் பணிக்கும் மிஷனெரி ஊழியத்துக்கும் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. காஞ்சி மடத்தின் பிடி அரிசித் திட்டம் பலரும் அறிந்தது.

கொடுத்த கை யாருடையது

இந்தக் காணிக்கையில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்று, அது யார் கையால் போனது என்பது. நிலத்தின் பட்டா ஆண் பெயரில் இருந்தது. கூலியும் பனை வருமானமும் ஆண் கைக்கு வந்தன. ஆண்டுச் சந்தாவும் கட்டட நிதியும் குடும்பத் தலைவர் பெயரில் ரசீதாயின. அரிசிப் பானை மட்டும் பெண்ணின் ஆளுகையில் இருந்தது. எவ்வளவு எடுப்பது என்று கணவனைக் கேட்க வேண்டியதில்லை. சொந்தமாக ஒரு காசும் இல்லாத மாமியாரும் மருமகளும் சபையின் செலவில் பங்காளிகளானது இப்படித்தான்.

பெண்ணின் உழைப்பும் விசுவாசமும் இணைந்த இன்னொரு வழி லேஸ் பின்னல். நாகர்கோவிலில் 1820களில் மிஷனெரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் அந்த வருமானத்தில் தங்கள் விடுதலைக்கான விலையைக் கட்டினார்கள். அவருடைய மகள் எலைசா, மிஷனெரி கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைத்தொழிலும் உடன் வந்தது. ஊசியும் நூலும் கையுமாக இருந்த பெண்ணுக்கு வருமானமும் வந்தது, அதைக் கொடுக்கும் உரிமையும் வந்தது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்ய வேண்டும் என்று கொலோசெயர் 3இல் வரும் அறிவுரை முதலில் எழுதப்பட்டதே அடிமைகளுக்குத்தான். தொழில் வேறு, பக்தி வேறு என்ற பிரிவுக்கு அந்த நிருபத்தில் இடமில்லை.

ஏலத்தில் ஒரு முட்டை

பிடி அரிசி நாள்தோறும் நடப்பது. அறுப்பின் பண்டிகை ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அன்று கோயிலின் முன்புறம் சந்தைபோல நிறைந்துவிடும். வாழைத்தார், பூசணிக்காய், முருங்கைக்காய் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய சேவல், கயிற்றோடு ஆட்டுக்குட்டி என்று வரிசை நீளும். நடுவே, பேட்டுக் கோழி முதன்முதலாக இட்டது என்று ஒரு மூதாட்டி கொண்டுவந்த முட்டையும் இருக்கும்.

ஆராதனை முடிந்ததும் ஏலம். கடையில் ஏழெட்டு ரூபாய்க்குக் கிடைக்கும் முட்டையை நூறு ரூபாய்க்கு ஒருவர் எடுப்பார். எடுத்தவர் அதை மறுபடியும் காணிக்கையாக வைப்பார். திரும்பவும் ஏலம் விடுவார்கள். நாலைந்து கை மாறிக் கடைசியில் அது யார் வீட்டுக்குப் போனாலும், கணக்கில் சேர்ந்த தொகை மூதாட்டி கொண்டுவந்ததைப்போலப் பல மடங்கு. அந்த முட்டைக்குக் கூட்டம் சிரித்துக் கைதட்டும்போது அவள் முகத்தில் தெரிவது வாங்கியவரின் பெருமையைவிடப் பெரியது.

பிறகு அசனம் என்னும் பொது விருந்து. சாதியும் வசதியும் பார்க்காமல் ஊரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கம் எல்லா ஊரிலும் நிறைவேறியது என்று சொல்ல முடியாது. ஏலமும் சில இடங்களில் அந்தஸ்துப் போட்டியாக மாறிவிடுவதுண்டு. ஆனாலும் விளைந்தது, வளர்த்தது, கையால் செய்தது எல்லாம் பீடத்தின் முன் வரத் தகுதி உள்ளவை என்ற எண்ணத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தது இந்தப் பண்டிகைதான்.

பானை காலியான கதை

இப்போது அரிசிப் பானைக்கு வேலை குறைந்துவிட்டது. பல வீடுகளில் ஒரு வேளைதான் சோறு. இரவுக்குக் கடையில் வாங்கிய மாவில் தோசை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலையில் இருக்கிறார்கள். கோயில் வாசலில் கியூஆர் அட்டை தொங்குகிறது. மாதம் பிறந்ததும் தசமபாகம் கைபேசியில் போய்விடுகிறது. தொகை கூடியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

பணமாகக் கொடுப்பதே எளிது, கணக்கும் சுத்தமாக இருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. புழுங்கலும் பச்சையும் ரேஷனும் கலந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது, வண்டு விழும், குறைந்த விலைக்கே போகும் என்பதும் உண்மைதான்.

ஆனால் இந்த மாற்றத்தில் இரண்டு இழப்புகள் கணக்கில் வரவில்லை. முதலாவது, கொடுக்கும் உரிமை வங்கிக் கணக்கு உள்ளவரிடம் போய்விட்டது. சம்பளம் இல்லாத மனைவி, ஓய்வூதியம் இல்லாத பாட்டி, படிக்கும் பிள்ளை ஆகியோர் சார்பில் யாரோ ஒருவர் கொடுக்கிறார். அவர்கள் கையால் எதுவும் போவதில்லை. இரண்டாவது, பிள்ளைகள் பார்த்துக் கற்ற பாடம் நின்றுபோனது. பசியோடு அடுப்படியில் நின்ற குழந்தை, தனக்கு முன்பே வேறொருவருக்கு ஒரு பிடி போவதை நாளுக்கு இரண்டு முறை கண்டது. அதற்கு விளக்கமோ ஓய்வுநாள் பாடசாலை வகுப்போ தேவைப்படவில்லை. கைபேசியில் போகும் தசமபாகத்தை எந்தக் குழந்தையும் பார்ப்பதில்லை.

இதோடு சேர்ந்து உற்சாகத்தின் இடமும் மாறிவிட்டது. மூன்று நாள் கூட்டம், ஒலிபெருக்கி, கண்ணீர், தீர்மானம் எல்லாம் இருக்கின்றன. திங்கட்கிழமை அந்தத் தீர்மானத்தைக் கொண்டுபோய் வைக்க வீட்டில் ஒரு பானை இல்லை. குடும்ப ஜெபமும் இதே நெருக்கடியில் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் பாயில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாடம், ஒரு ஜெபம் என்றிருந்த நேரத்தை டியூஷனும் தொடர் நாடகமும் கைபேசியும் பங்கு போட்டுக்கொண்டன. மேடையில் கிடைக்கும் வேகம் எவ்வளவு பெரிதானாலும், அதை வாங்கி வைத்துக்கொள்ளும் அன்றாடப் பழக்கம் இல்லாவிட்டால் அடுத்த கூட்டம் வரை அது தாங்காது.

எஞ்சியிருக்கும் வழிகள்

பழக்கம் அடியோடு அழிந்துவிடவில்லை. உருவம் மாறி வாழ்கிறது. அரிசி அளக்காத வீடுகளில் வேளைக்கு ஒரு நாணயம் போடும் டப்பா இருக்கிறது. லெந்து நாட்களில் ஒரு வேளை உணவையோ கறியையோ விட்டு, அதன் செலவை உறையில் போட்டுப் பெரிய வெள்ளியன்று கொடுப்பவர்கள் உண்டு. மாத மளிகை வாங்கும்போது ஒரு கிலோ பருப்போ அரைக்கிலோ சர்க்கரையோ கூடுதலாக வாங்கி, முதியோர் இல்லத்துக்கென்று ஒதுக்கும் குடும்பங்கள் உண்டு. முதல் சம்பளத்தைப் பீடத்தில் வைத்து ஜெபித்த பிறகே செலவுக்குத் தொடும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

இவற்றில் எது நிலைக்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. தன் தேவைக்கு முன்பாக எடுக்கிறார்களா, மிஞ்சியதிலிருந்தா? நாள்தோறும் அல்லது வாரந்தோறும் நடக்கிறதா, நினைத்தபோதா? வீட்டில் உள்ள எல்லாக் கையும் அதில் படுகிறதா, ஒரு கை மட்டுமா? பிடி அரிசி இந்த மூன்றையும் தன்னுள் வைத்திருந்ததால்தான், பட்டா நிலமும் ரொக்கமும் இல்லாத சபைகள் உபதேசியாரையும் பள்ளிக்கூடத்தையும் தாங்கி, தொலைதூரத்துக்கு ஊழியரையும் அனுப்ப முடிந்தது. அரிசிக்குப் பதில் எது வந்தாலும், இந்த மூன்றும் அதோடு வர வேண்டும்.