வேதமும் வௌவாலும்

ஹைதராபாத், டாங்க் பண்ட் சாலை. ஹுசேன் சாகர் கரையில் வரிசையாக நிற்கும் சிலைகளில் பாரதம் தந்த நன்னய்யாவும் பாகவதம் தந்த போத்தனாவும் உண்டு. கூடவே, ஏசுவைப் பாடிய குர்ரம் ஜாஷுவாவும்.

1895இல் வினுகொண்டாவில் கிறிஸ்தவராகப் பிறந்த ஜாஷுவாவை ஊர் சாதி சொல்லி ஒதுக்கியது. புராணங்களில் அவர் காட்டிய ஈடுபாடு சொந்த மதத்தாருக்கும் பிடிக்கவில்லை. அவரோ இரண்டையும் விடவில்லை. மேகதூதத்தின் பாணியில் 1941இல் எழுதிய 'கப்பிலம்' காவியத்தில், தீண்டப்படாத ஒருவன் சிவனிடம் வௌவாலைத் தூது அனுப்புகிறான். அவன் நுழைய முடியாத கோயிலுக்குள் வௌவால் தாராளமாகப் போய் வரலாமே!

ஏசுவின் வாழ்க்கையைத் தெலுங்கு மரபுச் செய்யுளில் சொன்ன அவரது 'கிறிஸ்து சரித்திர'த்துக்கு 1964இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. மில்டன் ஆங்கிலத்திலும், 'தேம்பாவணி'யில் வீரமாமுனிவர் தமிழிலும் பைபிளைக் காவியமாக்கிய மரபின் தொடர்ச்சி இது. ஆனால் வீரமாமுனிவர் வேதத்தைப் பரப்பக் கடல் கடந்து வந்த பாதிரியார். ஜாஷுவா, அந்த வேதம் யாருக்கு ஆறுதல் சொன்னதோ அவர்களில் ஒருவர்.