இருபத்தைந்து மில்லிமீட்டரின் விலை

யமஹா நிறுவனம் 2008இல் ஆர்15 வண்டியை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் இருக்கை தரையிலிருந்து 790 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. 2011இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது 800 ஆனது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில் 815. பத்தாண்டில் 25 மி.மீ., கிட்டத்தட்ட ஓர் அங்குலம், ஏறிவிட்டது. ஓட்டுபவர்கள் அப்படி வளரவில்லை. இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ.; பெண்களின் சராசரி சுமார் 152 செ.மீ.

அதனால்தான் சேலத்திலும் நாமக்கல்லிலும் மெக்கானிக் கடைகளில் ஒரு கோரிக்கை வழக்கமாகிவிட்டது: “அண்ணா, வண்டிய ஒரு இஞ்ச் எறக்கிக் குடுங்க.” நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த ஓர் அங்குலத்தை வண்டியின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அது பாதுகாப்பாகவும் முடியலாம், ஆபத்தாகவும் முடியலாம்.

கால் எட்டாதபோது என்ன நடக்கிறது?

ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்பகுதி தூக்கலாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. பின்பக்கம் உயர்ந்தால் முன்சக்கரத்தில் பாரம் கூடும். ஹேண்டில்பார் சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்கும். வளைவில் சாய்க்கும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசாது. ஓடும் வண்டிக்கு இவையெல்லாம் நன்மை. நிற்கும் வண்டிக்குத்தான் சிக்கல்.

சிக்னலில் நிற்கும்போது கால் தரையை எட்டவில்லையென்றால், எட்டும்வரை வண்டியைச் சாய்க்கிறோம். இதற்கு ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆர்15 சுமார் 142 கிலோ, ஓட்டுபவர் 55 கிலோ என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, ஊன்றும் பாதம் டயரிலிருந்து 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. பாதம் 2 செ.மீ. எட்டவில்லை என்றால் 3 டிகிரி சாய்த்தால் போதும். அப்போது காலில் இறங்கும் பாரம் சுமார் 20 கிலோ. 6 செ.மீ. எட்டவில்லை என்றால் 10 டிகிரி சாய்க்க வேண்டும். பாரம் 70 கிலோவை நெருங்கிவிடும், அதுவும் ஒற்றைக் காலில், நுனி விரலில். ஆக, எட்டாத ஒவ்வொரு சென்டிமீட்டரும் காலில் பத்துப் பன்னிரண்டு கிலோவை ஏற்றுகிறது. கால் எட்டாத பைக் கீழே விழுவதற்குக் காரணம் ஓட்டுபவரின் பயமோ பலவீனமோ இல்லை, நெம்புகோல் கணக்குதான்.

சாலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி, ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். நூற்றுக்கு இரண்டரை பங்கு சரிவு என்றாலே இடது பாதத்துக்குத் தரை இன்னும் 9 மி.மீ. கீழே போய்விடுகிறது. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் இன்னும் ஆழம்.

முதலில் இருக்கை, பிறகு ஸ்பிரிங்

சஸ்பென்ஷனில் கைவைக்கும் முன் இருக்கையைப் பார்க்க வேண்டும். ஸ்பெக் தாளில் இருக்கை உயரம் மட்டுமே இருக்கும், அகலம் இருக்காது. கால் நேராகக் கீழே இறங்குவதில்லை, இருக்கையின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. தொடை படும் இடத்தில் இருபுறமும் ஃபோமைச் சீவிக் குறுக்கினால், உயரத்தைத் தொடாமலேயே பாதம் கீழே எட்டும். சீட் கவர் தைக்கும் கடையில் ஒரு மணி நேர வேலை. ஃபோமை மேலே சீவினாலும் உயரம் குறையும். ஆனால் முழங்கால் கூடுதலாக மடங்கும், குண்டும் குழியுமான சாலையில் முதுகு அடி வாங்கும். எடுத்த ஃபோமுக்குப் பதில் அடர்த்தியான ஃபோமை வைத்தால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் சற்று அமுங்குகிறது. குள்ளமானவர் பெரும்பாலும் எடையும் குறைவானவர். அவர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அவ்வளவாக அமுங்காது. ஆக, உயரமானவருக்குத் தாழ்ந்து கொடுக்கும் அதே வண்டி குள்ளமானவருக்கு உயரமாகவே நிற்கிறது. பின் ஷாக்கில் பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவு, மாற்றும் வசதி இருந்தால், ஓட்டுபவரின் எடைக்கேற்ப அதைத் தளர்த்தினாலே சில மில்லிமீட்டர் கிடைக்கும். இது வண்டியைக் கெடுப்பதாகாது, சரிசெய்வது.

இந்த இரண்டும் போதாதபோதுதான் லிங்க் பக்கம் போக வேண்டும். ஆர்15இல் பின் ஷாக் லிங்க் அமைப்பின் வழியாக, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு இணைந்திருக்கிறது. இத்தகைய அமைப்பில் பெரும்பாலும் சற்று நீளமான லிங்க் தட்டுகளைப் போட்டால் பின்பகுதி இறங்கும். தட்டில் கூடும் சில மில்லிமீட்டர், சக்கரத்தில் அதைப்போல் சில மடங்காகத் தெரியும். அதனால் அளவு தவறாத, உறுதியான தட்டு வேண்டும். வீட்டில் கிடைத்த பட்டையைத் துளைபோட்டு மாட்டும் இடம் இதுவல்ல.

பின்பக்கத்தை மட்டும் 25 மி.மீ. இறக்கினால் என்ன ஆகும்? ஆர்15இன் இரு சக்கர மையங்களுக்கு இடையே 1325 மி.மீ. ஆகவே வண்டி முழுதும் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் பின்னோக்கிச் சாய்கிறது. அதனால் முன்சக்கரத்தின் டிரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சின் நீட்சி தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், ஏறக்குறைய 6 மி.மீ. கூடும். பொதுவாக 90, 100 மி.மீ. அளவில் இருப்பதில் 6 என்பது சிறிதில்லை. வண்டி திரும்ப மறுப்பதைக் கை உணரும். இதை ஈடுகட்ட, முன் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் அதே அளவு மேலேற்ற வேண்டும். முன்னும் பின்னும் சமமாக இறங்கினால் கோணம் பழையபடியே இருக்கும்.

இறங்கியதற்குப் பின்

லிங்க் மாற்றினாலும் ஷாக் அமுங்கும் தூரம் குறைவதில்லை. அதனால் முழுதாக அமுங்கும்போது டயர் முன்பைவிட மேலே வருகிறது. பின் மட்கார்டிலோ இருக்கையின் அடியிலோ உரசுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முன்சக்கரம் ரேடியேட்டர் பக்கம் நெருங்குகிறதா என்பதும் அப்படியே. செயின் தொய்வை மீண்டும் வைக்க வேண்டும். சைடு ஸ்டாண்டு இப்போது நீளமாகிவிட்டது. வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தாலும் வலப்பக்கம் சாய்ந்துவிடும். அதையும் அளவாகக் குறைக்க வேண்டும். சட்டகத்தை வெட்டி ஒட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தின் விவரம் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது.

தரை இடைவெளி அடுத்த கவலை. ஆர்15இல் அது 170 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது, அதன் வளைவு 17 மீட்டர் ஆரம். அதன்மேல் ஆர்15 ஏறும்போது வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே குறைவது வெறும் 13 மி.மீ. விதிப்படி போட்ட வேகத்தடை இறக்கிய வண்டியை ஒன்றும் செய்யாது. ஊர் முகப்பில் மண்ணையும் தாரையும் குவித்து எழுப்பிய குறுகலான மேடு வேறு. அதே 10 செ.மீ. உயரம் இரு சக்கரங்களுக்கு நடுவே முழுதாக வந்து நிற்கும், மிஞ்சுவது 70. இருவர் அமர்ந்து சஸ்பென்ஷன் அமுங்குவதில் அதில் ஒரு பங்கு போகும். இன்னும் 25ஐ நாமே எடுத்துவிட்டால், எக்ஸாஸ்ட் குழாய் மேட்டைத் தொட எவ்வளவு நேரமாகும்?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபுட்ரெஸ்ட் உரசுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். 25 மி.மீ. இறக்கினால் சாய்க்கக்கூடிய கோணத்தில் ஏறக்குறைய 2 டிகிரி குறைகிறது. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் எடுத்தால் தேவைப்படும் சாய்வு 26 டிகிரிதான். ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு அதற்கு மேலும் நிறைய இடமிருக்கிறது. மலையில் உண்மையான ஆபத்து, எதிரே பஸ் வந்து வளைவின் நடுவில் நிற்க நேரும்போதுதான். அங்கே உள்பக்கம் செங்குத்தாகச் சரியும். அந்தப் பக்கம் கால் போட்டால் எவ்வளவு இறக்கிய வண்டியும் சாயும். வலது கையில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, தரை உயர்ந்த பக்கம் ஒரு காலை முழுப் பாதமாக ஊன்றுவதே வழி. இந்தப் பழக்கம் ஓர் அங்குலத்துக்கு மேல் மதிப்புள்ளது.

ஏறத்தாழ 160 செ.மீ. உயரமுள்ள ஸ்பெயின் வீரர் டானி பெட்ரோசா, மோட்டோஜிபி உயர்பிரிவில் 31 பந்தயங்கள் வென்றவர். ஓட்டுவதற்கு உயரம் தடையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தடையாக இருப்பது நிற்கும் அந்தச் சில நொடிகள்தான், அதைத் தீர்க்கவும் தொழிற்சாலைகளால் முடியும். ஹார்லி-டேவிட்சன் 2021இல் கொண்டுவந்த பான் அமெரிக்கா ஸ்பெஷலில், வண்டி நிற்கப்போகும்போது சஸ்பென்ஷன் தானே தாழ்ந்து, ஓடத் தொடங்கியதும் உயரும் வசதி உண்டு. நம் சென்னையின் ராயல் என்ஃபீல்டு, ஹிமாலயன் 450 வண்டியின் இருக்கையை 825, 845 மி.மீ. என மாற்றிக்கொள்ளும்படி செய்து, 805இல் தாழ்ந்த இருக்கையும் தனியே தருகிறது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் சரக்கையும் உரிமையாளரின் தேவையையும் கேட்டுத்தான் அளவெடுக்கிறார்கள். கேட்பவரின் உடலுக்கு அளவெடுத்து வண்டி தருவது, லட்சக்கணக்கில் பைக் விற்கும் நிறுவனங்களுக்கும் கடமைதான். இருக்கையை மூன்று உயரங்களில் விற்பது பெரிய பொறியியல் சவால் இல்லை. அது நடக்கும்வரை, “எறக்கிக் குடுங்க” என்று கேட்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை. முதலில் இருக்கை, பிறகு பிரீலோடு, அப்புறமும் தேவையென்றால் முன்னும் பின்னும் சமமாக லிங்க்கும் ஃபோர்க்கும் என்ற வரிசையில் கேட்டால் போதும்.